ஆண்குறிப் புற்றுநோயும் எச்பிவி வைரஸும்: தடுக்கவும், கண்டுகொள்ளவும், பரவுமுன் பிடிக்கவும்

ஆண்குறி மொட்டிலோ முன்தோலின் உட்புறத்திலோ வந்த புண், தடிப்பு, சிவந்த திட்டு எதுவானாலும் மூன்று நான்கு வாரத்தில் முழுதாக ஆறவில்லையென்றால், சதை எடுத்து (பயாப்சி) பரிசோதித்தாக வேண்டும். கீழே எழுதியிருப்பதில் வேறு எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற இடத்தில் வரும் புற்றுநோய் இது. அப்படியிருந்தும் பலர் கட்டி அழுகி, தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். வெட்கம் ஒரு காரணம். மருந்துக் கடையில் ‘அரிப்பு’ என்று சொல்லி வாங்கிப் பூசிய களிம்புகளில் கழிந்த மாதங்கள் இன்னொரு காரணம். 2020ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி ஆண்டுக்குச் சுமார் 36,000 பேருக்கு இந்த நோய் வருகிறது; அதில் 10,000க்கு மேற்பட்டவர்கள் இந்தியாவில் இருப்பவர்கள். ‘அபூர்வ நோய்’ என்று மேலைநாட்டுப் புத்தகங்கள் சொல்வதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

வைரஸ் என்ன செய்கிறது

எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்பது ஒரே வைரஸ் அல்ல. 200க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட குடும்பம். வகைகளுக்கு எண்தான் பெயர். 6, 11 ஆகிய இரண்டும் பிறப்புறுப்பு மருக்களை உண்டாக்கும். அவை புற்றாக மாறுவது மிக அரிது. 16, 18 போன்றவை ஆபத்தான வகைகள். ஆண்குறிப் புற்றுக் கட்டிகளைச் சோதித்தால் ஏறத்தாழ பாதியில் எச்பிவி இருக்கிறது. இருப்பவற்றில் மூன்றில் இரண்டு பங்கில் 16ஆம் வகை. 1983இல் ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹௌசனின் குழு கருப்பைவாய்ப் புற்றிலிருந்து பிரித்தெடுத்த அதே வகைதான் இது. அந்த வழித்தடத்தில் செய்த ஆய்வுக்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உடலுறவின்போது தோலில் ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக வைரஸ் உள்ளே போய், தோலின் அடி அடுக்கில் உள்ள செல்களில் குடியேறுகிறது. அங்கே இ6, இ7 என்ற இரண்டு புரதங்களைத் தயாரிக்கிறது. கெட்டுப்போன செல்லைச் சாகவைக்கும் காவல் புரதமான பி53ஐ இ6 அழித்துவிடும். செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் ஆர்பி புரதத்தை இ7 முடக்கிவிடும். ஆர்பி முடங்கியதும் செல்லுக்குள் பி16 என்ற இன்னொரு புரதம் குவியத் தொடங்கும். இந்தப் பி16 என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் திரும்ப வரும்.

மீதிப் பாதிக் கட்டிகளுக்கு வைரஸ் காரணமில்லை. முன்தோல் இறுகிப் பின்னால் வராமல் இருப்பது, உள்ளே ஓயாத அழற்சி, லைக்கன் ஸ்கிளிரோசஸ் எனும் தோல் வெளுத்துச் சுருங்கும் நோய், புகையிலை ஆகியவை அந்தப் பக்கத்துக் காரணங்கள். புகையிலை என்றால் பீடி சிகரெட்டோடு மெல்லும் புகையிலையும் சேர்த்துத்தான். இரண்டு வழிகளும் ஒரே ஆளிடம் சேர்வதும் உண்டு. ஆகவே ‘எனக்குத் தவறான பழக்கம் எதுவும் இல்லை, எனக்கு வராது’ என்பது பொய்யான தைரியம்.

எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது

தோலோடு தோல், சளிச்சவ்வோடு சளிச்சவ்வு உரசுவதால் பரவும். முழு உடலுறவு நடந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். அது மூடாத அடிப்பகுதியும் விதைப்பையும் உரசுவதால் முழுதாகத் தடுக்காது. இரத்தம் வழியாக இந்த வைரஸ் பரவுவதில்லை. கழிப்பறை, நீச்சல்குளம், ஒரே தட்டில் சாப்பிடுவது, கொசுக்கடி எதையும் குற்றம்சொல்ல வேண்டாம். புற்றுநோய் கணவனிடமிருந்து மனைவிக்கு ஒட்டாது. ஒட்டக்கூடியது வைரஸ் மட்டுமே.

உடலுறவு வாழ்க்கையைத் தொடங்கியவர்களில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு கட்டத்தில் எச்பிவியைத் தொட்டு வந்தவர்கள்தான். பத்தில் ஒன்பது தொற்றுகள் ஓரிரு ஆண்டில் தானாகவே அடங்கிவிடும். அடங்காமல் தங்கிவிடும் சிலவே பல ஆண்டுகள், சில சமயம் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றாகின்றன. இதைக் குடும்பத்தார் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும்: ஐம்பத்தைந்து வயதில் வந்த கட்டியில் எச்பிவி இருப்பது, போன மாதமோ போன வருடமோ யாரோ யாருக்கோ துரோகம் செய்ததற்குச் சாட்சி ஆகாது. சிகிச்சைக்குச் செலவழிக்க வேண்டிய முதல் மாதத்தைச் சந்தேகச் சண்டையில் தொலைத்துவிடாதீர்கள்.

பெண்களைவிட ஆண்களின் உடலில் இந்தத் தொற்றுக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் குறைவாகவே உருவாகிறது. ஒருமுறை வந்து போனால் மறுபடி வராது என்ற பாதுகாப்பு ஆணுக்கு அவ்வளவாக இல்லை. தடுப்பூசி இந்த இடத்தில்தான் உதவுகிறது.

தடுப்பூசி

மகள்களுக்கு மட்டுமான ஊசி என்று நினைப்பது தவறு. ஆஸ்திரேலியா 2013 முதலும் பிரிட்டன் 2019 முதலும் பள்ளிப் பையன்களுக்கும் போடுகின்றன. இந்தியாவில் சீரம் நிறுவனத்தின் செர்வாவேக், 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கு எதிரானது; 2022இல் அனுமதி பெற்றது. 9 முதல் 26 வயது வரை ஆண், பெண் இருபாலருக்கும் போடலாம். அரசுத் திட்டங்கள் சிறுமிகளுக்கே முன்னுரிமை தருவதால், பையனுக்குப் பெரும்பாலும் சொந்தச் செலவில்தான் போட வேண்டியிருக்கும். இலங்கையில் 2017 முதல் பள்ளிச் சிறுமிகளுக்குப் போடப்படுகிறது.

9–14 வயதில் இரண்டு ஊசி: முதலாவது போட்டு ஆறு மாதம் கழித்து இரண்டாவது. 15 வயதுக்கு மேல் தொடங்கினால் மூன்று: முதல் நாள், இரண்டாம் மாதம், ஆறாம் மாதம். எச்ஐவி உள்ளவர்களுக்கும், நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் எந்த வயதானாலும் மூன்று ஊசி போடுவதே வழக்கம். மேற்கையின் தசையில் போட வேண்டும்.

தவறு நேரும் இடங்கள் சில உண்டு. இரண்டு ஊசித் திட்டத்தில் அவசரப்பட்டு ஐந்து மாதத்துக்குள் இரண்டாவதைப் போட்டுவிட்டால், மூன்றாவது ஒன்று தேவைப்படும். மாறாக, பரீட்சை, ஊர்ப்பயணம் என்று தள்ளிப்போய் ஒரு வருடம் ஆகிவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை; விட்ட இடத்திலிருந்து போடலாம். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்திருக்க வேண்டும், உறைந்து போயிருக்கக் கூடாது. ஆகவே கடையில் வாங்கிப் பையில் போட்டு வெயிலில் எடுத்துச் செல்லாமல், போடும் இடத்திலேயே குளிர்பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வளர் இளம் பருவத்தினர் ஊசி போட்டதும் மயங்கி விழுவது சகஜம். மருந்தின் விஷம் அது அல்ல, பயத்தில் இரத்த அழுத்தம் இறங்குவது. பதினைந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு அழைத்துச் செல்லுங்கள். ஈஸ்டுக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே புகுந்துவிட்ட வைரஸை இந்த ஊசி வெளியேற்றாது. வந்துவிட்ட மருவையோ கட்டியையோ கரைக்காது. உடலுறவு தொடங்குமுன் போட்டால்தான் முழுப் பலன். ‘அந்த வயசு வரட்டும், பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் பெற்றோர் இழப்பது இந்தப் பலனைத்தான்.

கழுவுதலும் முன்தோல் இறுக்கமும்

தினமும் குளிக்கும்போது முன்தோலை மெதுவாகப் பின்னால் தள்ளி, மொட்டையும் அதன் கீழுள்ள வளையப் பள்ளத்தையும் தண்ணீரால் கழுவுங்கள். சோப்பு போட்டே ஆக வேண்டும் என்றில்லை; போட்டால் வாசனை குறைந்த மிதமான சோப்பு. டெட்டால் போன்ற கிருமிநாசினிகள் வேண்டாம், தோலைப் புண்ணாக்கும். துடைத்து உலர்த்தியபின் தோலை மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பின்னுக்குத் தள்ளியபடியே விட்டுவிட்டால் வளையமாக இறுக்கி, மொட்டு வீங்கி, தோல் திரும்பி வராமல் சிக்கிக்கொள்ளும். அப்படியானால் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சிறுபிள்ளைகளுக்குத் தோல் ஒட்டியிருப்பது இயல்பு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பலவந்தமாகத் தள்ளிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கிழிந்து தழும்பானால் பிற்காலத்தில் அந்தத் தழும்பே இறுக்கத்தை உண்டாக்கும்.

வளர்ந்த ஆணுக்குத் தோல் பின்னால் வரவில்லையென்றால் அது கவனிக்க வேண்டிய விஷயம். அதுவரை நன்றாக வந்துகொண்டிருந்த தோல் நாற்பது ஐம்பது வயதில் இறுகத் தொடங்கினால் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். கட்டுப்படாத நீரிழிவில் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வந்து, தோல் வெடித்து, வெடித்த இடம் இறுகும். சர்க்கரை இல்லாமலோ, வெள்ளைத் திட்டோடோ இறுகினால் லைக்கன் ஸ்கிளிரோசஸ் இருக்கலாம். இளைஞர்களின் சாதாரண இறுக்கத்துக்கு மருத்துவர் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பை நான்கு முதல் எட்டு வாரம் பூசச் சொல்வார். அதற்கும் இளகாவிட்டால் முன்தோலை நீக்கிவிடுவது நல்லது. பச்சைக்குழந்தைப் பருவத்திலோ சிறுவயதிலோ தோல் நீக்கியவர்களுக்கு இந்தப் புற்று மிக அரிதாகவே வருகிறது. வயது வந்தபின் நீக்குவது அதே அளவு காக்காது; ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வழி திறக்கும். இறுகிய தோலுக்குள் கட்டி வளர்ந்தால் நாற்றமடிக்கும் கசிவும் உள்ளாடையில் இரத்தக் கறையும்தான் முதலில் தெரியும்.

மாதம் ஒருமுறை பார்ப்பது

முப்பது வயதுக்கு மேல் எல்லா ஆண்களும், நல்ல வெளிச்சத்தில், ஐந்து நிமிடம்:

1. தோலை முழுதாகப் பின்னுக்குத் தள்ளி மொட்டின் மேற்புறம், பக்கங்கள், அடிப்புறம், சிறுநீர்த் துளை ஆகியவற்றைப் பாருங்கள். அடிப்புறத்துக்குக் கைக்கண்ணாடி தேவைப்படும்.
2. வளையப் பள்ளத்தையும் முன்தோலின் உட்புறத்தையும் பாருங்கள். மொட்டுக்கு அடுத்தபடி புற்று அதிகம் தொடங்கும் இடங்கள் இவை.
3. வெல்வெட் போலச் சிவந்த திட்டு, பழுப்புத் தடிப்பு, பூக்கோசு போன்ற வளர்ச்சி, ஓரம் தடித்த புண், தொட்டால் இரத்தம் கசியும் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று எண்ணியே பலர் ஏமாறுகிறார்கள்.
4. விரலால் அழுத்தி, தோலுக்கடியில் கெட்டியான இடம் உண்டா என்று உணருங்கள்.

வளையப் பள்ளத்தின் விளிம்பில் வரிசையாக, ஒரே அளவில் இருக்கும் முத்து போன்ற சிறு புடைப்புகள் நோயல்ல. பலருக்கும் இயல்பாகவே உள்ளவை. அவற்றைக் கிள்ளவோ சுடவோ வேண்டாம்.

மருத்துவரிடம்

யூராலஜி மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையென்றால் தோல், பால்வினை நோய்ப் பிரிவிலும் தொடங்கலாம். எப்போது முதலில் பார்த்தீர்கள், அளவு கூடுகிறதா, என்னென்ன களிம்பு எத்தனை நாள் பூசினீர்கள், சர்க்கரை, புகையிலை இவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டு போனால் வெட்கத்தில் விட்டுப்போகாது. களிம்புக் குழாய்களையும் எடுத்துச் செல்லுங்கள்.

முதல் வருகையிலேயே மருத்துவர் களிம்பு எழுதித் தருவது நியாயமே, ஏனெனில் பெரும்பாலான புண்கள் சாதாரண அழற்சிதான். தவறு நடப்பது அடுத்த கட்டத்தில்: ஆறவில்லை என்று போனவருக்கு இன்னொரு களிம்பு, பிறகு வேறொன்று. இரண்டாவது முறை போகும்போது ‘பயாப்சி எடுக்கலாமா டாக்டர்?’ என்று நீங்களே கேளுங்கள். பயாப்சி எடுத்தால் புற்று பரவிவிடும் என்ற ஊர்ப்பேச்சில் உண்மையில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டு, புண்ணின் ஓரத்தில் நல்ல தோலும் சேரும்படி ஆழமாகத் துண்டு எடுப்பார்கள். மேலாகச் சுரண்டி எடுத்த துண்டில் கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியது என்று சொல்ல முடியாது. மறுபடி எடுக்க வேண்டிவரும். ‘மரு’ என்று நினைத்துப் பயாப்சி இல்லாமலே சுட்டுவிடுவது இன்னொரு பெரிய பிழை, குறிப்பாக ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வரும் ‘மரு’ என்றால்.

ஆண்களுக்கு எச்பிவி இருக்கிறதா என்று பஞ்சுக் குச்சியால் எடுத்துப் பார்க்கும் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். இருந்தால் பெரும்பாலும் தானாகப் போய்விடும். இல்லையென்று வந்தாலும் மற்றப் பாதிக் காரணங்கள் இருக்கின்றன. முடிவு எதுவானாலும் செய்ய வேண்டியது மாறாது. எச்ஐவி சோதனை வேறு விஷயம், அது அவசியம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்வார்கள்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை

‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’ என்றிருந்தால் அது புற்று. ஆண்குறியில் வருபவற்றில் 95 சதவீதம் இதுதான். ‘பெயின்’ (PeIN; வலி என்ற பொருளில் அல்ல) என்றோ ‘இன் சைட்டு’ (in situ) என்றோ இருந்தால் செல்கள் மாறிவிட்டன, ஆனால் தோலின் அடிச்சுவரைத் தாண்டவில்லை. இந்தக் கட்டத்தில் 5 சதவீத ஃபுளூரோயுராசில் களிம்பு, இமிக்குவிமோட் களிம்பு, லேசர் இவற்றாலேயே உறுப்பைக் காப்பாற்றலாம்.

பி16 பாசிட்டிவ் என்றால் எச்பிவி வழியாக வந்த கட்டி என்று பொருள். பேசலாய்டு, வார்ட்டி என்ற வகைப் பெயர்கள் பெரும்பாலும் இதனோடு சேர்ந்தே வரும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாடு கட்டிகளை எச்பிவி சார்ந்தவை, சாராதவை என்றே பிரிக்கிறது. ஆகவே ரிப்போர்ட்டில் பி16 இல்லையென்றால் கேட்டுப் போடச் சொல்லலாம். எச்பிவி சார்ந்தவை சிகிச்சைக்குச் சற்று நன்றாகவே இணங்குகின்றன. அதனால் அறுவையைத் தள்ளிப்போடலாம் என்று அர்த்தமில்லை.

பரவலைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: கட்டியின் கிரேடு (செல்கள் எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்பதற்கான தரம்), எவ்வளவு ஆழம் இறங்கியது, நிணநீர்க் குழாயிலோ நரம்பிலோ புகுந்திருக்கிறதா. இவை ரிப்போர்ட்டில் இல்லாவிட்டால் அது அரைகுறை ரிப்போர்ட்.

எந்த வழியில் பரவும்

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது எல்லோரும் அறிந்தது. ஆண்குறியின் நிணநீரும் அந்த நெறிகளுக்கே போகிறது. நடுவில் குறுக்கே இணைப்புகள் இருப்பதால், கட்டி இடப்பக்கம் இருந்தாலும் இரண்டு இடுக்குகளுக்கும் பரவலாம். அங்கிருந்து இடுப்பெலும்புக் கூட்டுக்குள் உள்ள நெறிகள். அதன்பின் நுரையீரல், கல்லீரல், எலும்பு. பொதுவாகப் படிகளைத் தாண்டிக் குதிக்காது. இதுவே இந்த நோயாளிக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு: தொடை இடுக்கிலேயே மடக்கிவிட்டால் பலரைக் குணப்படுத்த முடியும். நெறிக்குப் போகாதவர்களில் பெரும்பாலோர் ஐந்தாண்டு கடந்தும் நலமாக இருக்கிறார்கள்; இடுப்புக்கூட்டுக்குள் புகுந்தபின் அப்படி இருப்பவர்கள் மிகச் சிலரே.

கைக்குத் தட்டுப்படும் நெறி எல்லாம் புற்றல்ல, கட்டியிலுள்ள சீழ்த் தொற்றாலும் வீங்கும். அதனால் முன்பெல்லாம் நான்கு முதல் ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் காத்திருந்து பார்ப்பார்கள். அந்தக் காத்திருப்பு இன்று சரியல்ல. நெறி தட்டுப்பட்ட உடனே ஊசியால் உறிஞ்சிச் செல்களைப் பார்க்கும் எஃப்என்ஏசி செய்ய வேண்டும். முடிவு ‘இல்லை’ என்று வந்தும் நெறி கெட்டியாக இருந்தால் திரும்பச் செய்ய வேண்டும், அல்லது நெறியை எடுத்துப் பார்க்க வேண்டும்.

நெறியே தட்டுப்படாதவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு, சில ஆய்வுகளில் நான்கில் ஒருவருக்கு, கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத அளவில் புற்று போயிருக்கிறது. கட்டி ஆழமானது அல்லது கிரேடு கூடியது என்றால் முதல் காவல் நெறியை (கட்டியின் நிணநீர் முதலில் போய்ச் சேரும் நெறியை) மட்டும் சாயமும் கதிரியக்கப் பொருளும் செலுத்திக் கண்டுபிடித்து எடுப்பார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் இரு பக்க இடுக்கிலும் சிறிய அளவில் நெறிகளை நீக்குவார்கள். ‘கீழே வெட்டியாகிவிட்டதே, இடுக்கில் ஏன் இன்னொரு ஆபரேஷன்?’ என்று பலர் மறுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஆறு மாதத்தில் எலுமிச்சை அளவு நெறியோடு திரும்பி வரும்போது வாய்ப்பு பாதியாகியிருக்கும். இடுக்கு அறுவையில் தையல் பிரிவது, நீர் கோர்ப்பது, கால் வீக்கம் உண்டு என்பதும் உண்மை. அழுத்தக் காலுறையும் கால் சுத்தமும் அதற்குத் துணை.

நெறிகள் ஒன்றோடொன்று ஒட்டி அசையாமல் நின்றால் முதலில் கீமோதெரபி: பாக்லிடாக்செல், ஐஃபாஸ்ஃபமைடு, சிஸ்பிளாட்டின் மூன்றும் சேர்த்து நான்கு சுற்று. சுருங்கினால் பிறகு அறுவை.

மூலக் கட்டிக்கான அறுவையைப் பற்றி நோயாளிக்கு இருக்கும் பயம் ‘முழுதும் போய்விடுமோ’ என்பதுதான். கட்டியைச் சுற்றி 2 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து வெட்டுவது பழைய விதி. இப்போது சில மில்லிமீட்டர் போதும் என்று தெரிந்திருப்பதால் முன்தோலை மட்டும், மொட்டின் மேல்தோலை மட்டும், மொட்டை மட்டும் என்று அளவாக எடுக்க முடிகிறது. 4 செ.மீ.க்குள் உள்ள கட்டிக்கு உள்வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சும் உண்டு. பாதி நீக்கினாலும் நின்று சிறுநீர் கழிக்கும் நீளம் மிஞ்சுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், இலங்கையின் மகரகம அபேக்ஷா மருத்துவமனை போன்ற இடங்களில் இரண்டாம் கருத்து கேட்பது தவறாகாது.

மனைவிக்கு, பிறகு கண்காணிப்புக்கு

எச்பிவி கட்டி என்று தெரிந்தால் மனைவி கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எப்படியும் செய்துகொள்ள வேண்டியதுதான் அது. எச்பிவி சோதனை கிடைத்தால் அதுவே மேல், இல்லையென்றால் பாப் ஸ்மியர் அல்லது அரசு மருத்துவமனைகளில் செய்யும் அசிட்டிக் அமிலப் பரிசோதனை.

சிகிச்சை முடிந்தபின் முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். திரும்ப வருபவை பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் வருகின்றன. இடையில் வாரம் ஒருமுறை வீட்டிலும் பாருங்கள்: மல்லாந்து படுத்து, கால்களை லேசாக விரித்து, மூன்று விரல்களைத் தட்டையாக வைத்து, இடுப்பெலும்பு முனையிலிருந்து உறுப்பின் அடிவரை இடுக்கு மடிப்பில் மெல்ல உருட்டி வாருங்கள்; பிறகு அதற்கு நான்கு விரற்கடை கீழே தொடையின் உட்புறம். செருப்பில்லாமல் நடப்பவர்களுக்குப் பயறு அளவில் மெத்தென்று வழுக்கும் நெறிகள் இருக்கலாம். முன்பு இல்லாத ஒன்று, கெட்டியாக, வாரத்துக்கு வாரம் வளர்ந்தால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் மறுநாளே போங்கள்.